நிறம் போனால் சாயம் போய்விட்டதா? வெயிலில் ஒரு ஃபென்டன் சோதனை

சாயப்பட்டறைக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்குச் சாயத்தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பருத்தி இழையோடு வேதியியலாகப் பிணையும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பங்கு துணியில் ஏறாமல் தண்ணீரோடு போய்விடும், நுண்ணுயிர்களும் அதை எளிதில் தின்பதில்லை. இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து அதை உடைப்பது ஃபென்டன் முறை. அதோடு வெயிலையும் சேர்ப்பதுதான் ஃபோட்டோ-ஃபென்டன்.

1. ஒரு லிட்டர் தண்ணீரில் ரியாக்டிவ் பிளாக் 5 என்ற சாயத்தை 50 மி.கி. கரையுங்கள். நீர்த்த கந்தக அமிலத்தால் பிஎச் 3-க்குக் கொண்டுவாருங்கள். 4-ஐத் தாண்டினால் இரும்பு பழுப்பாகப் படிந்துவிடும்.

2. ஃபெரஸ் சல்ஃபேட் படிகம் 50 மி.கி. போடுங்கள். அதில் இரும்பு 10 மி.கி. இருக்கும். பச்சைப் படிகம்தான் வேண்டும், பழுப்பேறியதை வாங்காதீர்கள்.

3. கடைசியாக 30% ஹைட்ரஜன் பெராக்சைடு 0.6 மில்லி, மூன்று தவணையாக. மொத்தமாக ஊற்றினால் சாயத்தை உடைக்கும் ஹைட்ராக்சில் ராடிகலை மிகுதியான பெராக்சைடே தின்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தோலில் பட்டால் வெந்துபோகும்.

4. அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். யூவி விளக்கைவிட எனக்கு வெயில்தான் பிடிக்கும். செலவில்லை, வினையில் ஃபெரிக்காக மாறிய இரும்பு மறுபடி ஃபெரஸாக மாற அதுவே போதும்.

நிறம் சீக்கிரமே போய்விடும். நான் தடுக்கி விழுந்தது அதற்கப்புறம்தான். தெளிந்த தண்ணீருக்கு சிஓடி (அதிலுள்ள அழுக்கை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) பார்த்தால் முதலில் இருந்ததைவிடக் கூடியிருந்தது! இரண்டு வாரம் இரும்பின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். குற்றவாளி மிஞ்சிய பெராக்சைடு. சிஓடி சோதனையில் போடும் டைகுரோமேட் அதையும் ஆக்சிஜனேற்றிவிடுவதால், 1 மி.கி. பெராக்சைடு ஏறக்குறைய 0.47 மி.கி. சிஓடியாகத் தெரியும். 200 மி.கி. மிஞ்சினால் 94! அதனால் பிஎச்சை 10-க்கு ஏற்றி, லேசாகச் சூடாக்கி, பெராக்சைடு இருந்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டையில் நிறம் வருவது நிற்கும் வரை காத்திருங்கள். படிந்த இரும்பை வடிகட்டிவிட்டு அளவிடுங்கள். சோடியம் சல்ஃபைட் போட்டு வினையை நிறுத்தலாம் என்பார்கள். நிறம் மட்டும் அளப்பதென்றால் சரி, சிஓடிக்கு வேண்டாம், அதுவே சிஓடியைக் கூட்டும்.

ஒளி உறிஞ்சலை 598 நானோமீட்டரில் மட்டும் பார்த்து வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். அங்கே சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பு (இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) அறுந்தது மட்டும்தான் தெரியும். 310-ஐச் சுற்றிய உச்சியும் இறங்க வேண்டும், சாயத்தின் கார்பன் வளையங்கள் உடைவது அங்கேதான் தெரியும்.

பிற்சேர்க்கை: சாயப்பட்டறைத் தண்ணீரில் அமிலம் ஊற்றியதும் பொங்கி வழிந்ததாக இருவர் எழுதியிருந்தார்கள். அது சோடா உப்பு விடும் கார்பன் டைஆக்சைடு. பாத்திரத்தைப் பாதி மட்டும் நிரப்பி, மெதுவாக ஊற்றுங்கள். அதில் சமையலுப்பும் நிறைய இருக்கும். அந்த உப்பிலுள்ள குளோரைடு, ஹைட்ராக்சில் ராடிகலைப் பிடித்துக்கொள்வதால் வேலை மந்தமாகத்தான் நடக்கும், கூடுதல் நேரம் வெயிலில் விடுங்கள்.