ஃப்ளோர் லேம்ப் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

தரையில் நிற்கும் உயரமான விளக்கான ஃப்ளோர் லேம்பை நாம் பெரும்பாலும் தண்டின் வளைவையும் ஷேடின் நிறத்தையும் பார்த்துத்தான் வாங்குகிறோம். வெளிச்சம் எங்கே விழும் என்பது வீட்டில் வைத்து எரியவிட்ட பிறகுதான் தெரிகிறது. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

சோபாவில் உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். பக்கத்தில் நிற்கும் விளக்கின் ஷேடு அதற்கு ரொம்ப மேலே போனால் பல்பு கண்ணைக் கூசவைக்கும். அதனால் கடையில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, உட்கார்ந்து, எரியவிட்டுப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வில் போல் வளைந்த விளக்குகளில்தான் அதிகம் ஏமாறுகிறோம். இவற்றில் புகழ்பெற்றது ஆர்கோ. இத்தாலியின் காஸ்டிலியோனி சகோதரர்கள் அக்கிலேயும் பியர் ஜாக்கோமோவும் 1962-ல் ஃப்ளோஸ் என்ற விளக்கு நிறுவனத்துக்காக வடிவமைத்தது. கூரையில் ஓட்டை போடாமலே சாப்பாட்டு மேஜைக்கு மேல் வெளிச்சம் வேண்டும், தண்டுக்கு அடியில் ஆள் நடக்க இடமும் வேண்டும் என்று யோசித்துச் செய்தார்கள். அவ்வளவு நீண்ட தண்டு சாயாமல் நிற்க, அடியில் சுமார் 65 கிலோ பளிங்குக்கல் இருக்கிறது. அந்தக் கல்லில் ஒரு துளையும் உண்டு. துடைப்பக் கட்டையை நுழைத்து இரண்டு பேர் தூக்கி நகர்த்துவதற்காக!

அதே சாயலில் வரும் மலிவு விளக்குகளில் பலர் எடையைப் பார்ப்பதே இல்லை. அடிப்பாகம் லேசாக இருந்தால் குழந்தை பிடித்து இழுத்ததும் சாய்ந்துவிடும். அப்புறம் அளவு. ஆர்கோ ஏறக்குறைய எட்டடி உயரம், ஏழடி நீட்டம். நம் ஹாலில் நடுவில் சீலிங் ஃபேன் சுற்றுகிறது. இறக்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளக்காமல் இந்த மாதிரி விளக்கை வாங்கவே கூடாது.

ஃபேன் இன்னொரு தொல்லையும் தரும். மேல்நோக்கி ஒளி வீசும் விளக்கை அதன் அருகில் வைத்தால், இறக்கைகளின் நிழல் கூரை முழுக்கப் படபடக்கும். அந்த அறையில் புத்தகம் படிக்க முடியாது. அறை மூலைக்குத் தள்ளி வைத்தால் ஓரளவு குறையும்.

பல்பு விஷயத்தில், பழக்கத்தில் 6500 கெல்வின் வெள்ளையை வாங்கிவிடுகிறோம். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள் சாயல் கூடும். மாலை நேர ஹாலுக்கு 2700 முதல் 3000 வரைதான் இதமாக இருக்கும். வெளிநாட்டு விளக்குகளில் பெரும்பாலும் திருகும் ஹோல்டர் இருக்கும். நம் வீட்டிலுள்ள, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பின் நீட்டியிருக்கும் பல்பு அதில் பொருந்தாது.

கடைசியாக மின்சாரம். வயரைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டாதீர்கள். மிதிபட்டு உறை கிழிந்தாலும் வெளியே தெரியாது. உலோகத் தண்டு விளக்கில் மூன்று பின் பிளக் இருந்தால், எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவது உயிருக்கே ஆபத்து. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள விளக்கு, அதாவது மின்சாரம் கையில் படாமல் தடுக்க இரண்டு அடுக்குப் பாதுகாப்பு உள்ளது. அதற்கு எர்த் தேவையில்லை.