கேரவனுக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பெங்களூர் மழைக்கு ஜூன் வரை பொறுமை கிடையாது. ஏப்ரல், மே மாதங்களிலேயே சாயங்காலம் இருட்டிக்கொண்டு கொட்டும், அப்புறம் அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். அதனால் காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற கேரவன் வைத்திருப்பவர்கள் மார்ச்சிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

கறை தெரிகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்றில்லை. எங்கள் கேரவனில் கட்டிலுக்கு மேல் மூலையில் டீ சிந்தினாற்போல் ஒரு பழுப்புக் கறை. ஜன்னல்தான் காரணம் என்று ஒரு ஞாயிறு முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், நாலு அடி தள்ளி, காற்று போக கூரையில் வைத்திருக்கும் வென்ட்டின் ஒரே ஒரு ஸ்க்ரூவைச் சுற்றி, இடுக்கை அடைக்கிற பசையான சீலன்ட் வெடித்திருந்தது. தண்ணீர் பிளைவுட் மேலேயே ஓடிவந்து இந்த மூலையில் இறங்கியிருக்கிறது.

எனவே கூரையில் தொடங்குங்கள். மேலே ஏறாதீர்கள், ஏணியில் நின்றே பாருங்கள். வென்ட், ஏசி, ஓரப்பட்டி, விளக்கு என்று எங்கெல்லாம் துளை போட்டு எதையாவது பொருத்தியிருக்கிறார்களோ அங்கெல்லாம் சீலன்ட்டை நகத்தால் தொட்டுப் பாருங்கள். வெடித்திருந்தாலோ ஓரம் தூக்கியிருந்தாலோ பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஹார்டுவேர் கடையில் பெரும்பாலும் சிலிக்கானைத்தான் எடுத்து நீட்டுவார்கள், வாங்காதீர்கள்: அது படிந்த இடத்தில் அடுத்த முறை வேறு சீலன்ட் ஒட்டாது. கூரைக்குத் தானாகப் பரவிச் சமமாகிற செல்ஃப் லெவலிங் வகை, பக்கச் சுவருக்கு வழியாத வகை. ரப்பர் கூரையாக இருந்தால் பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள்.

காய்ந்ததும் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது. நான் ஆர்ஓ கழிவுநீரைப் பிடித்துவைத்து பூவாளியால் ஊற்றுகிறேன். கீழிருந்து மேலே போங்கள்: ஜன்னல், அப்புறம் ஓரப்பட்டி, கடைசியில் கூரை. உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். கூரையிலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரேயடியாக நனைந்து, எது ஒழுகுகிறது என்றே பிடிபடாது.

குழாய்களையும் விடாதீர்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு பம்ப்பை ஆன் செய்யுங்கள். தானாக நின்ற பம்ப், யாரும் குழாயைத் திறக்காமலே மறுபடி ஓடினால் எங்கோ கசிகிறது.

நிறுத்தும்போது கூரையில் தண்ணீர் தேங்காதபடி லேசான சரிவு கொடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே புழுங்கும், காற்று போகிற உறை போதும்.

மாதம் ஒருமுறை மூலைகளையும் அலமாரி உட்புறத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் அமுங்கினால் பிளைவுட் ஊறிவிட்டது. அவசரப்பட்டு மேலே பூசி மூடாதீர்கள், அந்தப் பலகையைக் கழற்றி உள்ளே முழுதாகக் காய்ந்த பிறகுதான் சீலன்ட்.