வீட்டில் செய்த கிதார் பெடலில் இரைச்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் இன்னிசைக் குழுக்களில் கிதார் வாசிக்கும் இளைஞர்கள் பலர், காலால் மிதித்துக் கிதாரின் ஒலியை மாற்றும் ஓவர்டிரைவ், ஃபஸ் போன்ற பெடல்களைத் தாங்களே செய்யத் தொடங்கியிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் டவுன்ஹால் ரோட்டில் பாகங்கள் வாங்கி, கண் விழித்துச் செய்து முடித்த பெடலில் இசையைவிட இரைச்சல் ஓங்கி ஒலித்தால், அடுத்து அவர்கள் செய்வது பெரும்பாலும் ஒரே தவறாகவே இருக்கிறது. அறுந்த கேபிள், சரியாகப் பிடிக்காத சால்டரிங் போன்றவற்றை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரைச்சல் பிறக்கும் இடம் தெரியாமல் பாகங்களை மாற்றுவது

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். மேலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், ஓயாமல் கீச்சென்று ஒலிக்கும் ஓவர்டிரைவ் பெடலுடன் வந்தார். “ஐசி டூப்ளிகேட்டா இருக்கும்னு சொன்னாங்கண்ணே, மாத்தி மாத்திப் பாத்துட்டேன்” என்றார். ஒலியைப் பெருக்கும் டிஎல்072 ஐசியைப் பலமுறை மாற்றியும் பயனில்லாமல், ரெசிஸ்டர்கள் அனைத்தையும் இரைச்சல் குறைந்த மெட்டல் ஃபிலிம் வகைக்கு மாற்றியிருந்தார். திரும்பத் திரும்பச் சூடுபட்டதில் போர்டின் செப்புத் தடங்கள் உரிந்து, ஐசியின் கால்கள் ஒட்டுக்கம்பிகளின் தயவில் நின்றுகொண்டிருந்தன. அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரியை மாட்டினேன். கீச்சொலி அந்தக் கணமே நின்றது. குறை மலிவான ஸ்விட்ச்சிங் அடாப்டரில் இருந்தது. பழுதில்லாத போர்டோ வீணாகிவிட்டது. ஊர்த் திருவிழா நெருங்கிவந்த நேரத்தில் அவருக்கு நேர்ந்த இந்த இழப்பு, ஒரு பேட்டரியால் தவிர்த்திருக்கக்கூடியது.

ஆகவே முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அடங்கிய குரலில் வரும் ஹம் ஒலி மின்கம்பிகளிலிருந்தும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் வருவது. அதைவிடக் கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் ஒலி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் போதுமான வடிகட்டல் இல்லை என்பதைக் காட்டும். பேட்டரி போட்டும் ஒலி நீடித்தால் கிதாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறையுங்கள். அப்போது நின்றுவிட்டால் அது பெடலுக்கு முன்பே வந்த ஒலி. சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்கப் உள்ள கிதாரை மெல்லத் திருப்பிப் பிடிக்கும்போது ஹம் கூடிக் குறைந்தால், அது பிக்கப் பிடிக்கும் ஒலி என்பதால் பெடலைத் திறக்கவே வேண்டியதில்லை.

வால்யூமைக் குறைத்த பிறகும் ஒலி நிற்கவில்லையென்றால்தான் பெடலுக்குள் தேட வேண்டும். பழைய கிதார் கேபிள் ஒன்றின் ஒரு முனையை வெட்டி, உள்கம்பியில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரையும் அதன் மறுகாலில் ஓர் ஊசியையும் இணையுங்கள். வெளிவலையில் முதலைக் கிளிப் ஒன்றை இணைத்துப் பெடலின் கிரவுண்டில் (சுற்றின் பொதுவான பூஜ்ய வோல்ட் இணைப்பில்) கவ்வ விடுங்கள். மறுமுனை ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லட்டும். அதன் வால்யூம் மிகக் குறைவாக இருக்கட்டும். அவுட்புட்டிலிருந்து தொடங்கி, ஐசியின் வெளியீட்டுக் கால்களை (டிஎல்072-இல் 7-ஆம் கால், 1-ஆம் கால்) தொட்டபடி இன்புட்டை நோக்கிப் பின்னோக்கி வந்தால், இரைச்சல் எந்த இடத்தில் மறைகிறதோ, அதற்கும் கடைசியாகக் கேட்ட இடத்துக்கும் நடுவில்தான் குறை இருக்கிறது. இந்த முறை 9 வோல்ட் பெடல்களுக்கு மட்டுமே உரியது. உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் ஊசியைக் கொண்டுபோகக் கூடாது.

இரு ரெசிஸ்டர்கள் 9 வோல்ட்டைப் பாதியாக்கித் தரும் 4.5 வோல்ட் புள்ளியையும் மறவாமல் தொட்டுப் பாருங்கள். அங்கே அமைதி நிலவ வேண்டும். ஹம் கேட்டால், அந்தப் புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய 10 அல்லது 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் விடுபட்டிருக்கலாம் அல்லது கெட்டிருக்கலாம். 9 வோல்ட் மின்வழியிலேயே ஒலி கேட்டால், 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து, அதற்குப் பின் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கிரவுண்டுக்கு இணையுங்கள். ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் வலுவிழக்கத் தொடங்கும். பெடல் 10 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் இழப்பது 1 வோல்ட்தான். ஐசிக்கு மின்சாரம் வரும் காலின் அருகே, கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் பெட்டி

வேண்டாம். அலுமினியப் பெட்டி வாங்குங்கள். பெயின்ட் அடித்த பெட்டியென்றால் ஜாக் உட்காரும் இடத்தில் உட்புறத்தைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொடுமாறு செய்யுங்கள். பெட்டி கிரவுண்டோடு இணையாவிட்டால் அது இரைச்சலைத் தடுக்காது.

இன்புட் கம்பியையும் அவுட்புட் கம்பியையும் சேர்த்துக் கட்டுவது

கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) மிகுந்த பெடலில் இது வீச்சென்ற ஊளையாக முடியும். இரண்டையும் விலக்குங்கள். இன்புட்டுக்கு ஷீல்டு வயர் போட்டு, அதன் வலையைப் பெட்டிக்குள் ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பது

ஒருபோதும் செய்யாதீர்கள். ஹம் குறைகிறது என்பதற்காகத் திருவிழா மேடைகளில் இதைத் துணிந்து செய்பவர்களை இன்றும் பார்க்கிறேன். எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயரின் உள்ளே பழுது ஏற்பட்டால் 230 வோல்ட் கேபிளின் வலை வழியாகக் கிதார் தந்திக்கே வந்துவிடும். கிதாரைப் பிடித்தபடி பாடுபவரின் உதடு மைக்கைத் தொட்டால் உயிர் போகலாம். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார்.

‘ஸ்ஸ்’ என்ற சீறலை முழுவதும் ஒழிக்க முயல்வது

கெயினைக் குறையுங்கள். மீதிச் சீறல் கெயினோடு வரும் இயல்பு.

ஸ்விட்சை மிதித்ததும் ‘டப்’ ஒலி

இதற்காக ஸ்விட்சை மாற்றுபவர்கள் அதிகம். இன்புட் கெப்பாசிட்டரின் வெளிக்கால் இணைப்பின்றித் தொங்கும்போது, அதில் கசிந்து சேரும் மின்னூட்டம் மிதித்த கணத்தில் பாய்வதே பெரும்பாலும் காரணம். அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணையுங்கள். அதன் பிறகும் ஒலித்தால் அவுட்புட் பக்கத்திலும் ஒன்றை இணைத்துப் பாருங்கள்.