நாளிதழ் எந்தப் பக்கம் சாய்கிறது? நீங்களே எண்ணிப் பார்க்கலாம்

"அது அந்தக் கட்சிப் பேப்பர்" என்று சொல்ல யாருக்கும் ஒரு நொடி போதும். எவ்வளவு சாய்வு, தலைப்பிலா செய்தியிலா என்று கேட்டால்தான் பதில் வராது. அந்தப் பதிலை எண்ணாக எடுக்கும் வழி இது. நிரல் எழுதத் தெரிய வேண்டாம். கூகுள் ஷீட்ஸோ லிப்ரே ஆபிஸோ ஒன்று, உதவிக்கு ஒரு நண்பர், அவ்வளவுதான்.

1. ஒரே நிகழ்வு, ஒரே நாள்

எல்லா நாளிதழும் போட்டே ஆக வேண்டிய நிகழ்வாகப் பாருங்கள். நான் பரிந்துரைப்பது 2023 ஜனவரி 9. அன்று சட்டமன்றத்தில் ஆளுநர் ஆர்.என்.ரவி, அரசு தயாரித்த உரையில் பெரியார், அம்பேத்கர், காமராஜர், அண்ணா, கலைஞர் பெயர்கள் இருந்த பகுதியைப் படிக்காமல் விட்டார். அச்சிட்ட உரையே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதல்வர் ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவந்தார். தேசிய கீதத்துக்குக் காத்திராமல் ஆளுநர் வெளியேறினார். நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதனால் மறுநாள் பேப்பர்களில் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் ஆசிரியர் குழுவின் தேர்வுதான்.

தினத்தந்தி, தினமணி, தினமலர், தினகரன், இந்து தமிழ் திசை ஐந்தையும் எடுங்கள். கூடவே முரசொலியையும். அது தி.மு.க.வின் ஏடு என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அளவுகோலின் ஒரு முனையாக அது நிற்கும். மறுமுனைக்கு அ.தி.மு.க. ஏட்டை வைக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். இங்கே மோதல் மாநில அரசுக்கும் ஆளுநருக்கும். அ.தி.மு.க. ஆளுநரின் இடத்தில் நிற்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்த இரண்டுக்கு நடுவே அளக்கிறோம் என்பதைத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.

இணையதளத் தலைப்புகள் வேண்டாம், பிற்பாடு மாற்றிவிடுகிறார்கள். நூலகத்தில் அச்சுப் பிரதி பார்ப்பதே நல்லது. இ-பேப்பரிலிருந்து நகலெடுத்தால் சில சமயம் பழைய எழுத்துரு காரணமாகக் குப்பையாக வரும். அதோடு மல்லுக்கட்டாமல் கையால் தட்டச்சு செய்துவிடுங்கள்.

2. வாக்கியத்துக்கு ஒரு வரி

விரிதாளில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வரி. நெடுவரிசைகள்: இதழ், தலைப்பா செய்தியா, எழுவாய் யார், வினை என்ன, யார் குரல், சாய்வு (அரசுப் பக்கம் +1, நடுநிலை 0, ஆளுநர் பக்கம் -1). வினைச்சொல்லில் கண் வையுங்கள். 'வெளியேறினார்', 'வெளிநடப்பு செய்தார்', 'பாதியில் கிளம்பினார்', 'அவையை அவமதித்தார்' நான்கும் ஒரே செயலைத்தான் சொல்கின்றன. முதலாவதற்கு 0, கடைசிக்கு +1. நடுவில் உள்ள இரண்டுக்கும் என்ன மதிப்பெண் என்பதைச் செய்தியைப் படிப்பதற்கு முன்பே விதியாக எழுதி வைக்க வேண்டும். படித்த பிறகு விதி எழுதினால் நமக்குப் பிடிக்காத பேப்பருக்கு ஏற்றபடி விதி வளையும்.

3. யார் குரல்?

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். "ஆளுநர் மரபை மீறிவிட்டார் என்று அமைச்சர் கூறினார்" என்பது அமைச்சரின் கருத்து, இதழின் கருத்து அல்ல. மேற்கோள் குறி இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் நம் நாளிதழ் நடையில் மூன்று நான்கு வாக்கியங்கள் குறியே இல்லாமல் ஓடி, கடைசியில் "இவ்வாறு அவர் கூறினார்" என்று முடியும். அந்த வாக்கியங்கள் எல்லாவற்றையும் அமைச்சர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அதனால் பத்தியைக் கீழிருந்து மேலே படியுங்கள்: 'என்றார்', 'தெரிவித்தார்', 'இவ்வாறு' எங்கே இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, அப்புறம் மதிப்பெண் போடுங்கள்.

மேற்கோள்களைத் தூக்கி எறியவும் கூடாது. எந்தத் தரப்புக்கு எத்தனை வாக்கியம், யார் பேச்சு முதலில் வந்தது என்பதைத் தனியாக எண்ணுங்கள். தன் சொல்லில் ஒரு பிசகும் இல்லாமல், ஒரே தரப்பை மட்டும் பேசவிட்டுச் சாயும் செய்தி நிறைய உண்டு.

4. சொல் எண்ணிக்கை

பொருளியலாளர்கள் மேத்யூ ஜென்ட்ஸ்கோவும் ஜெஸ்ஸி ஷாபிரோவும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க நாளிதழ்களை இப்படித்தான் அளந்தார்கள். நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சி எந்தச் சொற்றொடரை அதிகம் பயன்படுத்துகிறது என்று எடுத்து, அது நாளிதழ்களில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தார்கள். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரியைக் குடியரசுக் கட்சியினர் 'சாவு வரி' (death tax) என்றார்கள், ஜனநாயகக் கட்சியினர் 'எஸ்டேட் வரி' (estate tax) என்றார்கள். உரிமையாளர் யார் என்பதைவிட வாசகர்களின் சாய்வே இதழின் சாய்வை அதிகம் விளக்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் ஊரிலும் யாராவது இதைப் பெரிய அளவில் செய்ய வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

நமக்கு 2021 மே மாத ஆட்சி மாற்றத்துக்குப் பின் கிடைத்த இணை 'ஒன்றிய அரசு' / 'மத்திய அரசு'. எண்ணும்போது கவனிக்க வேண்டியவை:

- 'ஒன்றிய' என்று மட்டும் தேடினால் ஊராட்சி ஒன்றியம், ஒன்றியச் செயலாளர், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் வந்து சேரும்.
- 'ஒன்றிய அரசு' என்று தேடினால் 'ஒன்றிய அரசின்', 'ஒன்றிய அரசை' விட்டுப்போகும். 'மத்திய, மாநில அரசுகள்' எதிலும் சிக்காது.

'மத்திய அரசு' என்று எழுதுவதை பா.ஜ.க. சார்பு என்று குறிக்காதீர்கள். பல பத்தாண்டுப் பழக்கம் அது, அ.தி.மு.க.வினரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 2021க்குப் பிறகு ஓர் இதழ் சொல்லை மாற்றிக்கொண்டதா என்பதே தகவல்.

5. இன்னொரு ஜோடிக் கண்கள்

இதழின் பெயரை மறைத்து, அதே வரிகளை உங்கள் அரசியலோடு ஒத்துப்போகாத நண்பரிடம் கொடுங்கள். 100 வரியில் 80 ஒத்துப்போனால் பிரமாதம் என்று தோன்றும். குருட்டாம்போக்கில் போட்டாலும் 50 ஒத்துப்போயிருக்கும் என்றால், அதைக் கழித்து (80-50)/(100-50), அதாவது 0.6. புள்ளியியலில் கோஹனின் காப்பா (Cohen's kappa) என்பது இதுதான். 0.6க்குக் கீழே போனால் நான் முடிவை யாரிடமும் காட்டமாட்டேன். விதியைத் திருத்தி மறுபடி போடுவேன்.

பின்சேர்க்கை: இரண்டு இதழ்களுக்கு ஒரே மதிப்பெண் வருகிறதே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டிலும் பி.டி.ஐ. போன்ற செய்தி ஏஜென்சியின் செய்தியே மொழிபெயர்ப்பாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்சி செய்திகளுக்கு விரிதாளில் தனி நெடுவரிசை ஒன்று போட்டு, அவற்றில் தலைப்பை மட்டும் எண்ணுங்கள். தலைப்பு அந்தந்த அலுவலக டெஸ்க்கில் வைப்பது.