முண்டு வத்தலில் பூசணம்: வெயிலை மட்டும் நம்பாதீர்கள்

மாசி, பங்குனி வந்தால் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, கடலாடிப் பக்கம் களமெல்லாம் முண்டு மிளகாய் வத்தலால் சிவந்து கிடக்கும். இந்த வெயிலில் எது கெடப்போகிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பகலில் காய்ந்ததை இரவு நனைத்துவிடும். கடல்காற்றும் பனியும் பட வத்தலைத் திறந்து போட்டுவிட்டு, விடிந்ததும் தொட்டுப் பாருங்கள். முந்தின நாள் நொறுங்கிய தோல் துவண்டு வளையும். அதனால் பொழுது சாயும் முன்பே குவித்துத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள். காலையில் பனி விலகிய பிறகு விரித்தால் போதும். வெறும் மண்ணில் பரப்புவதும் வேண்டாம், பூஞ்சையின் வித்து மண்ணிலேயே இருக்கிறது.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு, நீளமான சம்பா மிளகாய் மாதிரி அல்ல. உருண்டை, தடித்த தோல். வெளியே சருகாகத் தெரிந்தாலும் காம்படியிலும் விதையைச் சுற்றியும் ஈரம் நிற்கும். ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும். அதோடு விடாமல் நாலைந்தைப் பிய்த்து உள்ளேயும் பாருங்கள். ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூட்டை கட்டும்போது உடையாமல் இருக்கட்டும் என்று தண்ணீர் தெளிக்கிறார்கள். பட்ட பாட்டையெல்லாம் அந்த ஒரு கை நீர் கெடுத்துவிடும். மூட்டையைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

சரி, பூசணம் பிடித்தே விட்டது. எங்கள் அப்பத்தா துடைத்து மறுபடி வெயிலில் போடுவார். உழைத்த பொருளைக் கொட்ட அவருக்கு மனம் வராது. எனக்கும்தான் வராது. ஆனாலும் கொட்டத்தான் வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் சில, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கும், நாள்பட உடம்பில் சேர்ந்தால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். துடைத்தால் மேலே உள்ள பூசணம்தான் போகும். வறுத்தாலும் தாளித்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. எந்தப் பூசணத்தில் நஞ்சு இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. முகர்ந்து பார்க்காதீர்கள், பூசணத் தூள் மூச்சில் ஏறும்.

பூசணம் கண்டதைப் பொடிக்கு ஒதுக்குவது எல்லாவற்றிலும் மோசம். முழு வத்தலில் கெட்டது தனியாகத் தெரியும். அரைத்துவிட்டால் அதே நஞ்சு நல்லதோடு கலந்துவிடும், பிரிக்கவே முடியாது. அப்புறம், மில்லிலிருந்து வரும் பொடி சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்து, சொட்டி, கட்டி தட்டும். துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, காய்ந்த டப்பாவில் போட்டு, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள்.