பழைய ஜீன்ஸ், கறுப்புக் குடை, பொவண்டோ மூடி: வீட்டிலேயே ஹாலோவீன் வேஷம்

அக்டோபர் பாதி தாண்டியதும் என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "அக்கா, 31ஆம் தேதிக்கு ஒரு எல்சா டிரஸ் தைக்க முடியுமா?" 'ஃப்ரோசன்' கார்ட்டூன் படத்து ராணிதான் எல்சா. சென்னை ஓ.எம்.ஆர் பக்கத்துப் பெரிய குடியிருப்புகளில் ஹாலோவீன் இப்போது பிள்ளைகள் விழாவாகிவிட்டது. மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டமாக ஒவ்வொரு வீட்டு மணியையும் அடிப்பார்கள். சாக்லேட் இல்லாத வீட்டில் முறுக்கு கிடைக்கும். எங்கள் பிளாக்கில் பிளவுஸ் தைப்பவள் நான்தான் என்பதால் இந்த வேலையும் என்னிடம் வருகிறது. தீபாவளி பிளவுஸ் குவிந்து கிடக்கும் நேரத்தில் எல்லோருக்கும் தைத்துத் தர முடியாது. அதனால்தான் செய்முறையை எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்கு ஊர் உடன்குடிப் பக்கம். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு காளி, குரங்கு, கரடி, போலீஸ் என்று வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி வருபவர்களைப் பார்த்து வளர்ந்தவள். "இதென்ன வெள்ளைக்காரன் பழக்கம்" என்று யாராவது முகம் சுளித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். குலசையில் வேஷம் கட்டியவர் மேளச் சத்தம் கேட்டதும் ஆடியாக வேண்டும். கிரீடம் நழுவக் கூடாது, சடைமுடி கண்ணை மறைக்கக் கூடாது. பிள்ளைகள் உடையிலும் நான் அதைத்தான் பார்க்கிறேன். போட்டுக்கொண்டு ஆட முடியுமா, படியேற முடியுமா, அவசரத்துக்குப் பாத்ரூம் போக முடியுமா? மூன்றில் ஒன்று முடியாது என்றாலும் வேறு பாத்திரத்தைப் பாருங்கள்.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். படிக்கட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் பத்தடி தூரத்திலிருந்து ஆள் யார் என்று தெரிய வேண்டும். இரண்டு நிறம், கையிலோ தலையிலோ ஒரு பொருள், அவ்வளவு போதும். முகச்சாயல், முடி நிறம் எதுவும் ஒத்துப்போக வேண்டியதில்லை. உடம்பு முழுக்க ரோமத் துணி மூடும் கரடி, பாண்டா எல்லாம் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். மழை பெய்தால் ஈரம், பெய்யாவிட்டால் புழுக்கம். அந்தத் துணிக்குள் குழந்தை பத்து நிமிஷம் தாங்காது.

மினியன்

'டெஸ்பிக்கபிள் மீ' கார்ட்டூன் படங்களில் வரும் மஞ்சள் குட்டி ஆட்கள்தான் மினியன். முதல்முறை செய்பவர்களுக்கு இதுதான் சுலபம். மஞ்சள் டி-ஷர்ட், தோளில் பட்டை மாட்டும் நீல ஜீன்ஸ் டங்கரி, கறுப்புக் கையுறை, கண்ணாடி. டங்கரியைக் கடையில் தேடி அலையாதீர்கள். பிள்ளையிடம் இருக்கும் ஜீன்ஸ் பேன்ட்டே போதும். அப்பாவின் பழைய ஜீன்ஸ் காலிலிருந்து 8 அங்குல அகலம், 9 அங்குல உயரத்தில் ஒரு துண்டு வெட்டி முன்பக்க இடுப்போடு சேர்த்துத் தையுங்கள். பாக்கித் துணியில் 2 அங்குலப் பட்டை இரண்டு. பட்டையை முன்னால் தைத்துவிட்டு, பின்னால் இடுப்பில் வெல்க்ரோ வையுங்கள். பட்டன் வைத்தால் அஞ்சு வயசுப் பிள்ளை அவசரத்தில் கழற்ற முடியாமல் அழும். ஜீன்ஸுக்கு மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள், இல்லாவிட்டால் இடுப்பு மடிப்பில் ஊசி உடையும்.

தொப்பிக்குப் பெரியவர் மஞ்சள் டி-ஷர்ட்டின் கையை வெட்டி எடுத்து, ஒரு முனையைச் சுருக்கிக் கட்டித் திருப்பிப் போட்டால் ஆயிற்று. கண்ணாடிக்கு 3 அங்குல பி.வி.சி பைப்பில் ஓர் அங்குல அகலத்துக்கு, கண்ணுக்கு ஒன்றாக வளையம் வேண்டும். பிளம்பரிடம் கேட்டால் வெட்டு மிச்சத்திலிருந்து அறுத்துத் தருவார். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளி ஸ்ப்ரே அடித்து, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுப் பாவாடை இடுப்பு எலாஸ்டிக்கைக் கோத்துவிடுங்கள். அதைக் கண்ணில் மாட்டாமல் தொப்பி மேல் நெற்றியில் மாட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகள் என்றால் ஒருவனை ஒற்றைக்கண் ஸ்டூவர்ட் ஆக்குங்கள், வளையம் ஒன்று மிச்சம். குட்டித் தம்பி இருந்தால் அவன்தான் பாப். பாபுக்கு ஒரு கண் பச்சை, ஒரு கண் பழுப்பு, கையில் ஒரு கரடி பொம்மை.

சாக்லேட் பைக்கு மஞ்சப்பையைவிடப் பொருத்தமானது கிடையாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்ததிலிருந்து எல்லார் வீட்டிலும் நாலைந்து கிடக்கிறது. அதன் மேல் கறுப்பு மார்க்கரில் ஒரு பட்டை, நடுவில் ஒரு பெரிய கண் வரைந்தால் பையும் மினியன் ஆகிவிடும்.

ரஸ்ஸலும் கார்லும்

எனக்கு மிகவும் பிடித்தது 2009இல் வந்த 'அப்' கார்ட்டூன் படத்து ஜோடி, பையன் ரஸ்ஸலும் தாத்தா கார்லும். அண்ணன் தம்பி, அக்கா தம்பி, தாத்தா பேரன், யார் வேண்டுமானாலும் போடலாம்.

ரஸ்ஸல் சாரணர் மாதிரி உடை போட்ட பையன். மஞ்சள் அரைக்கைச் சட்டை, பழுப்பு ஷார்ட்ஸ், மஞ்சள் தொப்பி, கழுத்தில் ஆரஞ்சு ஸ்கார்ஃப். தோளிலிருந்து குறுக்கே போகும் பட்டைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பழுப்புப் பாப்ளினில் 4 அங்குல அகலப் பட்டை, உள்ளே கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டுத் தையுங்கள். அது நிறைய பேட்ஜ் வேண்டும். தெருமுனைத் தையல்காரரிடம் போய்ப் பிளவுஸ் பிட் கேளுங்கள், மூட்டையாகத் தருவார். பாட்டில் மூடியை வைத்து வட்டம் வரைந்து, பின்னால் கேன்வாஸ் ஒட்டி வெட்டினால் பிசிறு வராது. வட்டத்துக்குள் கூடாரம், இலை, மீன் என்று பிள்ளையையே ஃபேப்ரிக் பெயின்டால் வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக இருந்தால் பாதகமில்லை, எனக்கு அதுதான் அழகாகத் தெரிகிறது. வரிசையில் ஓர் இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். படத்தில் ரஸ்ஸலுக்கு முதியோருக்கு உதவும் பேட்ஜ் ஒன்றுதான் பாக்கி. கதை தெரிந்த பிள்ளைகளின் கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போகும்.

அந்தக் காலி இடத்தில் கடைசியில் கார்ல் தாத்தா குத்திவிடுவது ஒரு திராட்சை சோடா மூடி. நம் ஊரில் திராட்சை ருசி என்றால் பொவண்டோ. கண்ணாடி பாட்டிலில் வாங்கிக் குடித்துவிட்டு மூடியை வளைக்காமல் எடுத்து வையுங்கள். பின்னால் ஊக்கை வைத்து எம்-சீல் அப்பிக் காயவிட்டால் பேட்ஜ் தயார். இதைத் தம்பி பையில் வைத்துக்கொண்டு சுற்றி, எல்லா வீடும் முடிந்ததும் அண்ணன் குத்திவிடட்டும்.

முதுகுக்குப் பள்ளிக்கூடப் பையே போதும். மேலே ஒரு சின்னப் பாயைச் சுருட்டிக் கட்டி, பக்கத்தில் ஒரு டம்ளரையும் கரண்டியையும் தொங்கவிடுங்கள். சத்தம் கேட்டே ஆள் வருவது தெரியும்.

கார்லுக்கு வெள்ளைச் சட்டை, பழுப்புக் கோட்டு, கறுப்பு போ டை, கறுப்புச் சட்டம் போட்ட கட்டமான மூக்குக் கண்ணாடி. தியேட்டர் த்ரீடி கண்ணாடி பழசாகக் கிடந்தால் அதன் பிளாஸ்டிக்கைப் பெயர்த்துவிட்டுச் சட்டத்தை மாட்டிவிடுங்கள். கோட்டுக்காகத் துணி எடுக்காதீர்கள், அப்பாவின் பழைய அரைக்கைச் சட்டை பழுப்பில் இருந்தால் முன்பக்கம் திறந்துவிட்டுப் போட்டாலே தொளதொள கோட்டு போலத்தான் இருக்கும். நரைமுடிக்கு வெள்ளை டோப்பா. தசரா முடிந்த பிறகு எங்கள் ஊர்ப் பக்கக் கடைகளில் மிச்சம் இருக்கும், சொந்தக்காரர் யாராவது இருந்தால் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லுங்கள். டோப்பாவுக்கு உள்ளே முதலில் ஒரு பருத்தித் துணியைத் தலையில் இறுக்கக் கட்டுங்கள். நழுவாது, வியர்வையையும் அது வாங்கிக்கொள்ளும். டோப்பா வேண்டாம் என்றால் ஹேர் பேண்டில் பஞ்சு ஒட்டி, காதோரம் மட்டும் நரை தெரிய வைத்தாலும் சரி.

கார்லின் கைத்தடிக்கு நாலு கால், நாலு காலிலும் டென்னிஸ் பந்து. இதைச் செய்யாவிட்டால் அவர் ஏதோ ஒரு தாத்தா, அவ்வளவுதான். எலக்ட்ரிக்கல் கடையில் முக்கால் அங்குல பைப் ஒன்று, அதே அளவில் நாலு வழி ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று, எல்போ ஐந்து வாங்குங்கள். பாக்ஸின் நாலு வாயிலும் 3 அங்குலத் துண்டு சொருகி, எல்போவைக் கீழ்நோக்கித் திருப்பி, அதில் இன்னொரு 3 அங்குலத் துண்டு. நாலு கால் வந்துவிட்டது. பாக்ஸ் மூடியில் பைப் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, தடியை பாக்ஸின் அடி வரை இறக்கிச் சுற்றிலும் எம்-சீல் வையுங்கள். மேல்முனையில் ஐந்தாவது எல்போவும் 4 அங்குலத் துண்டும் கைப்பிடி. பிள்ளை நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் தடியின் உயரம். பந்துக்குச் செலவே இல்லை, தெருக் கிரிக்கெட்டில் ரோமம் உதிர்ந்துபோனது நாலு கிடைக்கும். மேலே பெருக்கல் குறி மாதிரி கீறிக் காலை உள்ளே தள்ளுங்கள். பந்து வழுக்கிக்கொண்டு போகும், ஆகவே அந்தக் கீறலைப் பெரியவர்களே போடுங்கள்.

அடுத்து பலூன். படத்தில் கார்லின் வீட்டையே தூக்கிக்கொண்டு போகும் பலூன் கொத்துக்குப் பலர் கேஸ் பலூன் தேடுகிறார்கள். தெருவில் விற்கிற கேஸ் பலூனில் ஹீலியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அடைத்திருப்பது சகஜம். தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். 2024இல் தீபாவளியே அக்டோபர் 31இல் வந்தது. மற்ற வருஷங்களிலும் இந்த நாட்களில் மொட்டை மாடியில் யாராவது கம்பி மத்தாப்பு பிடித்துக்கொண்டிருப்பார்கள். கேஸ் பலூன் கூடவே கூடாது.

நான் குடையைத்தான் பயன்படுத்துவேன். பழைய கறுப்புக் குடையின் துணியில் அங்கங்கே நூலால் சின்ன வளையம் போட்டு, 5 அங்குலப் பலூன்களை வாயால் ஊதி, ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே வாருங்கள். குடை தெரியாத அளவுக்கு நிறைந்ததும் நிறுத்துங்கள். டபுள் சைட் டேப் ஈரத்தில் விட்டுவிடும், நூல்தான் நிற்கும். தூறலாக இருந்தால் பிள்ளை நனையாது என்பது கூடுதல் லாபம். வழியில் வெடிக்கிற பலூன்களுக்குப் பதிலாக ஊத ஒரு பாக்கெட் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிகி

ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ கார்ட்டூன் படங்கள் பார்க்கிற பெண்பிள்ளை வீட்டில் இருந்தால், 1989இல் வந்த 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்தின் கிகி வேஷம் ஒரே மாலையில் முடிந்துவிடும். தொளதொளவென்ற கரும் நிற கவுன், தலையில் பெரிய சிவப்பு போ, கையில் துடைப்பம், தோளில் ஒரு கறுப்புப் பூனை பொம்மை. சூனியக்காரி என்பதால் ஹாலோவீனுக்கும் பொருந்தும்.

போ பெரிதாக, நிமிர்ந்து நிற்க வேண்டும். 16க்கு 12 அங்குலச் சிவப்புத் துணியை 6 அங்குலப் பட்டையாக மடித்துத் தைத்துத் திருப்பி, உள்ளே பிளவுஸ் கழுத்துக்கு வைக்கிற கேன்வாஸ் வையுங்கள். இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து, நடுவில் கொசுவி ஒரு சின்னப் பட்டையால் இறுக்கி, ஹேர் பேண்டில் கட்டினால் சாரலில்கூடத் தொங்காது. துடைப்பத்துக்குத் தென்னை ஈர்க்கை ஒரு மூங்கில் குச்சியில் கட்டுங்கள். ஈர்க்கின் கூர் முனைகளைச் சமமாக வெட்டிவிட வேண்டும், பின்னால் வருகிற பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கும். ஈர்க்கு புதிதாக இருக்கட்டும். வாசல் பெருக்கிய துடைப்பத்தை வீட்டுக்குள் நீட்டினால் எந்தப் பாட்டிக்கும் கோபம் வரும்.

எல்சா கேட்பவர்களுக்கு

நான் சொல்வது சுருக்கம். வானீலப் பருத்தி கவுன் ஒன்று இருந்தால் மேலங்கி மட்டும் செய்யுங்கள். பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்த வியாபாரம்தான் அதிகம், மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற கடையாகப் பார்த்து 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள நெட் துணி ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். கொலு அலங்காரத்தில் மிஞ்சிய வெள்ளி ஜிகினா லேஸை ஓரத்தில் அடிக்கலாம். மெல்லிய ஊசி, 11ஆம் நம்பர். நீளம் கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும், ஈரப் படிக்கட்டில் இழுபடும் துணியை யாராவது மிதிப்பார்கள். கழுத்தைச் சுற்றி நாடா கட்டாமல் இரண்டு தோளிலும் பிரஸ் பட்டன் வையுங்கள். யாராவது மிதித்தால் மேலங்கி மட்டும் கழன்று வரும். நெட் துணி நெருப்பில் உருகி ஒட்டும், மத்தாப்பு பக்கம் போகும் முன் கழற்றிவிட வேண்டும். மஞ்சள் டோப்பாவும் முகத்துக்கு வெள்ளைப் பவுடரும் வேண்டவே வேண்டாம். எல்சாவின் அடையாளம் இடது தோளில் முன்னால் விழும் ஒற்றைப் பின்னல். அது கறுப்பு முடியில் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

சிங்கம் வேண்டும் என்பவர்களும் ரோமத் துணிப் பக்கம் போகாதீர்கள். பழைய காவி நிறப் பருத்திச் சேலையைக் கிழித்த பட்டைகளை ஹேர் பேண்டில் நெருக்கமாக முடிந்துவிட்டால் பிடரி.

முகச்சாயம் பற்றி ஒரு வார்த்தை. மண்டையோட்டு முகம் வரைய ஆசைப்பட்டுப் பள்ளிக்கூட போஸ்டர் கலரை எடுக்காதீர்கள், தோலுக்கானது அல்ல. தண்ணீரில் கரையும் ஃபேஸ் பெயின்டை முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள், அரிப்பு இல்லாவிட்டால் முகத்துக்குப் போகலாம். கண்ணைச் சுற்றி விட்டுவிடுங்கள். பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுச் சோப்பு போட்டால் போய்விடும்.

முந்தின நாள் மாலை முழு வேஷத்தையும் போட்டு, லிஃப்ட் இல்லாமல் இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்லுங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே உறுத்துகிறது என்று அப்போதே தெரியும். அன்று கூடப் போகிறவர் பையில் ஊக்கு, ஊசிநூல், பலூன், ஒரு துண்டு, மாற்று டி-ஷர்ட், ஷார்ட்ஸ் இருக்கட்டும். பாதிப் பிள்ளைகள் மூன்றாவது மாடியிலேயே வேஷத்தைக் கழற்றிவிடும்.