பெரியம்மாவின் கடன் கொப்பி

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான், தலையணைக்குக் கீழே 5 கடன் புத்தகங்களும் 2 அடகுச் சிட்டைகளும் இருப்பது எனக்குத் தெரிந்தது. பாவம், ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்திருக்கிறார்.

முதலில் யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகாமல் வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பித்தோம். அப்புறம் அவர் கையெழுத்திட்ட கடிதத்தையும் மருத்துவச் சான்றிதழையும் கொண்டு ஒவ்வொரு நிறுவனமாக ஏறி இறங்கி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டுங்கள் என்று எழுத்திலேயே கேட்டேன், வாய்ப்பேச்சை நம்பவில்லை. வாசலில் வந்து சத்தம் போட்ட ஒரு நிறுவனத்தைப் பற்றி இலங்கை மத்திய வங்கியின் 1935 தொலைபேசி இலக்கத்துக்கு முறையிட்டேன். ஆட்கள் வருவது நின்றது. மருந்துச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். நாலு நிறுவனங்கள் சம்மதித்துவிட்டன, ஐந்தாவதற்கு நாளை போகிறேன்.